முக்கால் யூனிட்டில் மூன்று மலைகள்

உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் 'யூனிட்' என்னும் சொல் இருக்கும். ஆயிரம் வாட் திறனுள்ள ஓர் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் தொடர்ந்து சூடேறினால் செலவாகும் ஆற்றலே ஒரு யூனிட். இந்த ஒரு யூனிட்டைக் கொண்டு ஒரு மனிதரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கலாம்? வீட்டு மாடிக்கா? கோயில் கோபுரத்தின் உச்சிக்கா?

விடை நம்மை வியக்க வைக்கும். மிதிவண்டியையும் சேர்த்து 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை 4,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்குத் தூக்க ஒரு யூனிட் போதும். இடையில் எதுவும் வீணாகக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

நம்புவதற்குக் கடினமாக இருக்கிறதல்லவா? சுவிட்சர்லாந்தில் ஒரு மலைப்பாதை இருக்கிறது. அதில் ஒரே நாளில் மூன்று கணவாய்களை மிதிவண்டியில் கடந்து, பல ஏரிகளைப் பார்த்துவிட்டு, புறப்பட்ட ஊருக்கே மாலையில் திரும்பிவிடுவோர் உண்டு. அவர்கள் ஏறும் உயரத்துக்கான கணக்கு ஒரு யூனிட்டைக் கூட எட்டுவதில்லை. அப்படியானால் அவர்கள் ஏன் வியர்வையில் குளிக்கிறார்கள்? அவர்கள் கடந்து செல்லும் ஏரிகளை உண்டாக்கியது யார்? பாதையோடு சேர்ந்து நாமும் சென்று பார்ப்போம்.

வட்டப் பாதை

இரண்டு சிகரங்களுக்கு இடையே மலைத்தொடரைக் கடக்க உதவும் தாழ்வான இடத்தைக் கணவாய் என்கிறோம். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் நடுவே கிரிம்சல், ஃபுர்கா, சுஸ்டன் என மூன்று கணவாய்கள் அருகருகே அமைந்துள்ளன. இம்மூன்றையும் இணைத்து ஒரு வட்டமாகச் சாலை செல்கிறது. சுற்றளவு சுமார் 120 கிலோமீட்டர்.

பயணம் தொடங்கும் ஊர் இன்னெர்ட்கிர்ஹென். கடல்மட்டத்திலிருந்து 625 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் அது. அங்கிருந்து 2,164 மீட்டர் உயரமுள்ள கிரிம்சலுக்கு ஏற வேண்டும். பிறகு 1,759 மீட்டரில் உள்ள கிளெட்ஷ் என்னும் இடத்துக்கு இறங்கி, 2,429 மீட்டர் உயரமுள்ள ஃபுர்காவுக்கு ஏற வேண்டும். மறுபடியும் 916 மீட்டரில் உள்ள வாசன் என்ற ஊர்வரை இறங்கி, 2,224 மீட்டர் உயரத்திலுள்ள சுஸ்டனைத் தாண்ட வேண்டும். அதன்பின் இன்னெர்ட்கிர்ஹென் வரை ஒரே இறக்கம்.

மூன்று ஏற்றங்களையும் கூட்டினால் சுமார் 3,500 மீட்டர் வரும். குளிர்காலத்தில் கணவாய்கள் பனியால் மூடிவிடும். ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரைதான் சாலை திறந்திருக்கும். நன்கு பயிற்சி பெற்றவர்களே இதை ஒரு நாளில் முடிக்கிறார்கள்.

மலையை மடித்த சாலை

முதல் ஏற்றம் 26 கிலோமீட்டர் நீளம் உடையது. அதற்குள் 1,539 மீட்டர் உயர வேண்டும். அதாவது, சாலையில் 100 மீட்டர் சென்றால் சராசரியாக 6 மீட்டர் உயர்கிறோம்.

இதுதான் நாம் பள்ளியில் படித்த சாய்தளம். 80 கிலோகிராம் எடையை நேராக மேலே தூக்க வேண்டுமானால், அதே 80 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவை. ஆனால் இச்சாலையின் சாய்வில் அதே எடையை மேலே நகர்த்த, 5 கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவான எடைக்குச் சமமான விசையே போதும். கிணற்றிலிருந்து ஒரு சிறு வாளி நீரை இழுக்கும் விசை அவ்வளவுதான்!

ஆனால் இயற்கை இலவசமாக எதையும் கொடுப்பதில்லை. விசை குறைந்த அளவுக்குத் தொலைவு கூடிவிடுகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்காக 26 கிலோமீட்டர் செல்ல வேண்டியிருக்கிறது. விசையையும் தொலைவையும் பெருக்கி வரும் 'வேலை' மாறுவதே இல்லை. மலைச்சாலைகளில் காணும் கொண்டை ஊசி வளைவுகளின் இரகசியம் இதுவே. மலைச்சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில், பொறியாளர்கள் ஒரு நீண்ட சாய்தளத்தை மடித்து மடித்துச் சரிவின்மேல் வைத்துவிடுகிறார்கள்.

பற்சக்கரம் பேசும் பேரம்

சாலை விசையைக் குறைத்துக் கொடுத்தது. அதை மேலும் நம் காலுக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுப்பவை மிதிவண்டியின் பற்சக்கரங்கள்.

நாம் அன்றாடம் ஓட்டும் சாதாரண மிதிவண்டியில் முன் பற்சக்கரத்துக்கு 44 பற்களும் பின் பற்சக்கரத்துக்கு 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சமதளத்துக்கு இது நல்லது. மலையேற்றத்திலோ, ஒவ்வொரு மிதிக்கும் சராசரியாகச் சுமார் 24 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைக் கால்கள் தர வேண்டியிருக்கும். கால் கீழே அழுத்தும் கணத்தில் அது இன்னும் கூடும். சில நிமிடங்களில் முழங்கால் கெஞ்சத் தொடங்கிவிடும்.

மலைக்குச் செல்லும் வண்டியில் பின்னால் பல பற்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கும். முன்னால் 34 பற்கள், பின்னால் 34 பற்கள் என்று சங்கிலியை மாற்றிக்கொண்டால், மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும். தேவையான சராசரி விசை 10 கிலோகிராம் எடைக்குச் சமமாகக் குறைந்துவிடும். அதற்கு ஈடாக, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல நிமிடத்துக்கு 80 முறை மிதிக்க வேண்டும். பழைய பேரமே இங்கும் நடக்கிறது. விசையில் மிச்சம், தொலைவில் செலவு!

வியர்வைக் கணக்கு

இந்த வேகத்தில் கிரிம்சலை அடைய சுமார் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அந்த நேரம் முழுவதும் ஓட்டுபவரின் கால்கள் தரும் திறன், டயர் உராய்வுக்கானதையும் சேர்த்து, ஏறக்குறைய 140 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பது நினைவிருக்கும். அதாவது, நம் மலையேறியின் திறன் ஒரு குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு கூரை மின்விசிறிகள் எடுக்கும் திறன் அவ்வளவு.

நாள் முழுவதும் 3,500 மீட்டர் ஏறுவதற்கான வேலையை எளிதாகக் கணக்கிடலாம். எடை 80 கிலோகிராம், ஈர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 3,500 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் சுமார் 27 இலட்சத்து 40 ஆயிரம் ஜூல். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். ஆகவே மூன்று மலைகளையும் ஏற முக்கால் யூனிட்!

ஆனால் உடல் ஒரு சிக்கனமான எந்திரம் அன்று. உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் தசைகள் வேலையாக மாற்றுகின்றன. மீதி முக்கால் பங்கு வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றவே உடல் வியர்க்கிறது. எனவே மலை கேட்பது முக்கால் யூனிட் என்றாலும், உடல் செலவிடுவது சுமார் மூன்று யூனிட். உணவுக் கணக்கில் அது 2,600 கிலோகலோரி. சுமார் 2 கிலோகிராம் சோற்றில் உள்ள ஆற்றல்! உடல் தன்னைக் காத்துக்கொள்ளவும், காற்றையும் உராய்வையும் வெல்லவும் ஆகும் செலவு இதற்கு மேல்.

ஏரிகளுக்குள் ஒளிந்திருக்கும் ஆற்றல்

பாதி மலைக்கு மேல் மரங்கள் மறைந்து, வழவழப்பான கருங்கல் பாறைகள் தொடங்குகின்றன. யானையின் முதுகுபோல் வளைந்த பெரும் பாறைகள். அவற்றின்மேல் நீண்ட கீறல்கள். இழைப்புளியால் இழைத்ததுபோல் இருக்கும் இவற்றைச் செதுக்கியது பனியாறு.

மலையுச்சியில் ஆண்டுதோறும் விழும் பனி, அடுக்கடுக்காக இறுகிப் பனிக்கட்டியாகிறது. பெரும் தடிமன் அடைந்ததும் அது தன் எடையாலேயே மெல்லக் கீழே வழிகிறது. இதைத்தான் பனியாறு என்கிறோம். அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள்போல் பாறையைத் தேய்க்கின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், இப்பகுதி முழுவதும் பனிக்கட்டிக்குள் மூழ்கி, உயர்ந்த சிகரங்கள் மட்டுமே வெளியே தெரிந்தன.

பனிக்கட்டி நகர்கிறது என்பதை எப்படி அறிந்தார்கள்? அதற்கான சான்றுகளில் ஒன்று கிரிம்சலுக்கு அருகிலேயே கிடைத்தது. ஹூகி என்னும் சுவிஸ் அறிஞர் 1827-இல் உன்டர்ஆர் பனியாற்றின்மேல் ஒரு குடிசை கட்டினார். பின்னர் லூயி அகாசி என்ற அறிஞர் அதே பனியாற்றை ஆராய வந்தார். 1840-இல் அங்கே கிடந்த ஒரு பெரும்பாறையின் அடியில் தங்கி ஆய்வு நடத்தினார். அப்போது ஹூகியின் குடிசை, கட்டிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கீழே வந்திருந்தது! குடிசை நடக்கவில்லை, அது நின்ற தரையே நடந்திருந்தது.

அந்தப் பனியாற்றின் உருகுநீர் இன்று கிரிம்சல் ஏரியில் சேர்கிறது. ஏரியின் நிறம் சாம்பல் கலந்த பச்சை. பனியாறு அரைத்த பாறை, மாவுபோல் நுண்ணிய துகளாக நீரில் மிதப்பதே இதற்குக் காரணம். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கின் வாயை மனிதர் அணை கட்டி அடைத்தார்கள். பெரிய அணை 1932-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்னாலேயே புதிய அணை ஒன்றைக் கட்டும் பணி 2019-இல் தொடங்கியது. சாலையோரத்தில் இதற்குச் சற்றுக் கீழே ரேட்டரிக்ஸ்போடன் என்ற மற்றோர் அணை ஏரியும் உண்டு.

கிரிம்சல் ஏரியின் உயரம் சுமார் 1,908 மீட்டர். அதன் நீர் படிப்படியாக மின்நிலையங்கள் வழியே இன்னெர்ட்கிர்ஹென் வரை இறங்குகிறது. கிட்டத்தட்ட 1,280 மீட்டர் வீழ்ச்சி. நம் மலையேறி நாள் முழுவதும் மிதித்து ஏறிய முக்கால் யூனிட்டை இந்த வீழ்ச்சியிலிருந்து பெற எவ்வளவு நீர் வேண்டும் தெரியுமா? இழப்புகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், வெறும் 220 லிட்டர். டீசல் வரும் பெரிய டிரம் ஒன்றை நிரப்பும் நீருக்குச் சற்று மேல், அவ்வளவே!

மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் வேளையில், கிரிம்சல் ஏரியின் நீரை அதற்கும் மேலே உள்ள ஓபர்ஆர் ஏரிக்கு இறைத்து ஏற்றுகிறார்கள். மின்தேவை கூடும்போது அதைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். மிதிவண்டியில் மேலே ஏறியவரும் இதையே செய்கிறார். தம் உழைப்பை உயரமாகச் சேமித்து வைக்கிறார்.

இரண்டு கடல்களுக்கு நடுவே

கிரிம்சலின் உச்சியில் டோட்டன் ஏரி இருக்கிறது. பெயருக்கு 'இறந்தோரின் ஏரி' என்று பொருள். 1799-இல் பிரெஞ்சுப் படையும் ஆஸ்திரியப் படையும் இக்கணவாயில் போரிட்டன.

இந்த உச்சி ஒரு நீர்பிரிமேடு. நாம் ஏறிவந்த பக்கத்தில் விழும் மழை, ஆரெ ஆற்றில் சேர்ந்து, ரைன் நதி வழியாக வடகடலை அடைகிறது. மறுபக்கச் சரிவின் நீரோ ரோன் நதியாகி, ஜெனீவா ஏரியைக் கடந்து மத்தியதரைக் கடலுக்குச் செல்கிறது. அடுத்த உச்சியான ஃபுர்காவைத் தாண்டினால் ராய்ஸ் ஆற்றின் பள்ளத்தாக்கு. அந்நீர் மறுபடியும் ரைன் நதியிலே சேர்ந்து வடகடலுக்குப் போகிறது. காலையிலிருந்து சில மணி நேரத்துக்குள் நம் மலையேறி, ஒரு கடலின் நிலத்திலிருந்து இன்னொரு கடலின் நிலத்துக்குப் போய்த் திரும்பியும் வந்துவிடுகிறார்!

பின்வாங்கும் பனியாறு

கிளெட்ஷிலிருந்து ஃபுர்காவுக்கு ஏறும் வழியில்தான் ரோன் நதி பிறக்கும் பனியாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பனியாறு கிளெட்ஷ் வரை இறங்கி வந்திருந்தது. வண்டிகளில் வந்த பயணிகள் பள்ளத்தாக்கில் நின்றே அதைக் கண்டார்கள். அதை அருகிலிருந்து பார்ப்பதற்காக 1882-இல் சாலை வளைவில் ஒரு விடுதியும் எழுந்தது.

1874-இல் இங்கு முறையான அளவாய்வு தொடங்கியது. வண்ணம் பூசிய கற்களைப் பனியாற்றின் குறுக்கே நேர்க்கோடுகளாக அடுக்கி வைத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல நேர்க்கோடுகள் வில்போல் கீழ்நோக்கி வளைந்தன. ஆற்று நீரைப்போலவே பனியாறும் கரையோரத்தில் மெதுவாகவும் நடுவில் விரைவாகவும் ஓடுகிறது என்பது கண்ணுக்கே புலனாயிற்று.

இன்று கிளெட்ஷிலிருந்து அண்ணாந்து பார்த்தால் வெற்றுப் பாறையே தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பனியாறு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. அதன் நுனி இருந்த இடத்தில் புதிய ஏரி ஒன்று தோன்றியிருக்கிறது. அந்த விடுதி 2015-இல் மூடப்பட்டது. பயணிகளுக்காகப் பனிக்கட்டியில் குடைந்த குகை விரைவில் உருகாமலிருக்க, அதன்மேல் வெண்துணிகளைப் போர்த்தினார்கள். வெயிலைத் திருப்பி அனுப்ப அது உதவும். ஆனால் ஒரு மலை முழுவதையும் போர்த்த முடியுமா?

பனிக்கட்டி எளிதில் உருகுவதில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 0 டிகிரியில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை நீராக்க 80 கலோரி வெப்பம் வேண்டும். நம் மலையேறி நாள் முழுவதும் ஏறிச் சேர்த்த முக்கால் யூனிட்டை அப்படியே வெப்பமாக்கினால் 8 கிலோகிராம் பனிக்கட்டியைத்தான் உருக்கலாம். அப்படியிருக்க, சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் காற்றில் சேர்த்த வாயுக்கள் எவ்வளவு வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன என்பதை இதிலிருந்து உணரலாம். அந்நாட்டின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 2 டிகிரிக்கு மேல் கூடியிருக்கிறது. இரண்டு டிகிரி என்பது நம் தோலுக்குத் தெரியாது. பனியாற்றுக்குத் தெரியும்.

இறங்குவதும் எளிதன்று

ஃபுர்காவின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்கே. மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த சட்டையுடன் குளிர்காற்றில் இறங்கினால் உடல் நடுங்கி, பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள் மரத்துப் போகும். பழைய காலப் பந்தய வீரர்கள் இறங்குமுன் ஒரு செய்தித்தாளைச் சட்டைக்குள் மார்பின்மேல் செருகிக்கொள்வார்கள். தாளின் மடிப்புகளில் அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது, காசில்லாத கம்பளி!

மேலே சேமித்த ஆற்றல் இறங்கும்போது எங்கே போகிறது? பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதில் செலவாகிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனால்தான் நூற்றுக்கு எட்டு சாய்வில் மிதிக்காமல் இறங்கும் வண்டி, மணிக்கு 60 கிலோமீட்டரை நெருங்கியதும் அதற்கு மேல் விரைவதில்லை. ஆனால் வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்தத் தேவையான தூரமும் நான்கு மடங்காகிவிடும்! வளைவுக்கு முன் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். சுஸ்டனிலிருந்து கடைசியாக இறங்கும் 1,600 மீட்டர் உயரத்தின் ஆற்றல் முழுவதையும் பிரேக்கே உறிஞ்சினால், அந்த வெப்பம் மூன்றரை லிட்டர் நீரைக் கொதிக்க வைத்துவிடும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். அதனால் அனுபவசாலிகள் விட்டுவிட்டுப் பிடிக்கிறார்கள்.

ஆண்டர்மாட் என்ற ஊரைத் தாண்டியதும் பாறைகளுக்கிடையே ஒடுங்கிய பிளவு. அதில் 'பிசாசுப் பாலம்' இருக்கிறது. பாலத்தைக் கட்டித் தந்த பிசாசு, முதலில் கடக்கும் உயிரைக் கூலியாகக் கேட்டதாம். ஊரார் ஓர் ஆட்டுக்கிடாயை ஓட்டிவிட்டார்களாம். பொறியியல் அரிதாக இருந்த காலத்தில் இவ்விடத்தில் பாலம் கட்டுவது மனித வேலையாகவே தோன்றவில்லை போலும்.

கடைசி மலை

வாசன் ஊரில் ஒரு சிறு தேவாலயம் உண்டு. 1882-இல் திறந்த கோட்ஹார்டு இரயில் பாதையில் செல்வோர் இதை மூன்று முறை, மூன்று வெவ்வேறு உயரங்களில் காண்பார்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏற முடியாது, வழுக்கும். ஆகவே பொறியாளர்கள் பாதையை மலைக்குள் சுரங்கமாகச் சுழற்றி நீளத்தைக் கூட்டினார்கள். அதே சாய்தளம், அதே பேரம்.

இங்கிருந்து சுஸ்டனுக்கு 18 கிலோமீட்டரில் 1,300 மீட்டர் ஏற வேண்டும். பலருக்கும் உடல் ஒத்துழையாமல் போவது இங்கேதான். தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் 400 முதல் 500 கிராம் வரை இருப்பில் உள்ளது. அது 2,000 கிலோகலோரிக்கு மேல் தராது. நாம் பார்த்த கணக்கோ 2,600-ஐத் தாண்டுகிறது. உடலில் கொழுப்பு நிறைய இருந்தாலும், அது மெதுவாகவே எரியும். காலையிலிருந்தே சிறிது சிறிதாக உண்டு வந்தவர் சுஸ்டனை ஏறுவார். 'பசிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்றிருந்தவருக்குக் கண் இருண்டு கால் துவளும். இப்படிப்பட்ட வேளையில் பாதையில் ஆபத்து நேரவும் கூடும். அப்போது வண்டியை விட்டு இறங்கி உட்கார்ந்து உண்பதே அறிவுடைமை.

1946-இல் திறக்கப்பட்ட சுஸ்டன் சாலை, உச்சியில் ஒரு சிறு சுரங்கத்தைக் கடந்து மேற்கே இறங்குகிறது. அங்கே ஸ்டைன் பனியாறும், அது பின்வாங்கி விட்டுச்சென்ற பள்ளத்தில் தேங்கிய ஸ்டைன் ஏரியும் காத்திருக்கின்றன. காலையில் பார்த்த ஏரியை மனிதர் தேக்கினர். மாலையில் பார்ப்பதைப் பனியாறு தன் இழப்பால் தேக்கியிருக்கிறது.

கணக்கை முடிப்போம்

140 வாட் என்பது மிகச் சிறிய திறன். ஆனால் விடாமல் பல மணி நேரம் கொடுத்தால் அது மூன்று மலைகளைத் தாண்டிவிடுகிறது. மெல்ல ஊர்ந்த பனிக்கட்டி, பல்லாயிரம் ஆண்டுகளில் கருங்கல் பள்ளத்தாக்கைக் குடைந்துவிட்டது. தோலுக்குத் தெரியாத இரண்டு டிகிரி, சில தலைமுறைகளில் அந்தப் பனிக்கட்டியையே கரைத்துக்கொண்டிருக்கிறது. சிறியது என்று எதையும் தள்ளிவிட முடியாது. எவ்வளவு காலம் தொடர்கிறது என்பதே கேள்வி.

இக்கணக்கை நீங்களும் போடலாம். உங்கள் எடையுடன் மிதிவண்டியின் எடையைக் கூட்டுங்கள். அதை 9.8-ஆலும், உங்களுக்குத் தெரிந்த ஒரு மலைப்பாதையின் ஏற்ற உயரத்தாலும் பெருக்குங்கள். வந்த விடையை 36 இலட்சத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். அதை உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த முறை ஆளில்லாத அறையில் விசிறி சுற்றுவதைக் கண்டால், யாரோ ஒருவர் வியர்க்க வியர்க்க மலையேறுவது உங்கள் கண்முன் தோன்றும்.